பால்வாடி வாசலில் மிலிட்டரி வீட்டுப் பிள்ளை: வாசகர் கேள்வி–பதில்

கணியம்பாடி பக்கத்துக் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்று சொன்னால்தான் பலருக்குச் சட்டென்று புரியும். அந்த ஒரு ஊர் மட்டுமல்ல. பழைய வட ஆற்காட்டில் தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள் ஏராளம். சிப்பாயாகச் சேர்ந்தவர் 15 ஆண்டு முடித்தால் பென்ஷனுக்குத் தகுதி பெறுகிறார். 35, 40 வயதில் காட்பாடி ஜங்ஷனில் டிரங்குப் பெட்டியோடு இறங்குகிறார். முன்னாள் படைவீரர் என்றதும் நரைத்த மீசைத் தாத்தாதான் நம் கண்ணுக்கு வருகிறார். ஆனால் அப்படி இறங்குகிறவரின் வீட்டில் பால்வாடிக்குப் போகிற வயதில் ஒரு பிள்ளை இருப்பது சகஜம். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அந்தச் சின்னப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

கேள்வி: என் கணவர் 17 வருடம் சர்வீஸ் முடித்து நாலு மாதத்துக்கு முன் வந்துவிட்டார். மகனுக்கு மூன்றரை வயது. அப்பாவிடம் போகவே மாட்டேன் என்கிறான். அவர் தூக்கினால் கத்துகிறான், ராத்திரி ஆயாவோடுதான் (பாட்டி) படுக்கிறான். நன்றாக இருந்தவன் மறுபடியும் படுக்கையில் சிறுநீர் போகிறான். 'செல்லம் கொடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க' என்று இவர் கோபப்படுகிறார். பால்வாடி டீச்சரிடம் இதைச் சொல்லலாமா? அவரால் என்ன செய்ய முடியும்?
*ஒரு தாய், கணியம்பாடி ஒன்றியம்*

தாராளமாகச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். உங்கள் வீட்டுக்கு வெளியே உங்கள் மகனைத் தினமும் நான்கைந்து மணி நேரம் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான்.

முதலில் மகன் பக்கத்துக் கணக்கைப் பாருங்கள். சர்வீஸில் இருப்பவருக்கு ஆண்டு விடுமுறை 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். அத்தனையும் கிடைத்து, அத்தனையும் வீட்டிலேயே கழிந்தால்கூட, மூன்றரை வருடத்தில் அப்பா கூட இருந்தது ஒன்பது, பத்து மாதம். அதுவும் விட்டு விட்டு. ஒவ்வொரு முறையும் பிள்ளை பழகி முடிக்கும்போது பெட்டி கட்டியாகிவிடும். 'இவர் வருவார், போய்விடுவார்' என்று அவன் கற்றுவைத்திருக்கிறான். அவன் அனுபவத்துக்கு அது சரியான பாடம்தான். அதை மாற்ற நாட்கள்தான் வேண்டும். அதட்டினால் மாறாது.

படுக்கையில் சிறுநீர் போவதும், பழைய மழலைக்குத் திரும்புவதும், அம்மாவின் புடவையை விடாமல் பிடிப்பதும் வீட்டின் அமைப்பு மாறும்போது இந்த வயதில் வருகிறவை. அடிக்காமல், கேலி செய்யாமல் விட்டால் பெரும்பாலும் சில வாரங்களில் குறையும். சிறுநீர் போகும்போது வலி, காய்ச்சல், அளவுக்கு மீறிய தாகம் இருந்தால் மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள்.

இனி செய்ய வேண்டியது. ஆயாவிடமிருந்து பிள்ளையைப் பிடுங்காதீர்கள். 'இனிமேல் அப்பாகிட்டதான் படுக்கணும்' என்று ஒரே ராத்திரியில் மாற்றினால், பிள்ளைக்கு ஒருவர் வந்ததால் இன்னொருவர் போய்விட்டார் என்று ஆகிவிடும். ஆயா கூடவே இருக்கட்டும். அப்பா புதிதாக ஒரு வேலையைத் தன்னுடையதாக்கிக் கொள்ளட்டும். காலைக் குளியல் அல்லது இட்லி ஊட்டுவது, ஏதாவது ஒன்று போதும். அதைத் தினமும் அவரே, அதே நேரத்தில் செய்யட்டும். அதோடு ஒரு கால் மணி நேரம் தரையில் உட்கார்ந்து விளையாட்டு. விளையாட்டை மகன் தேர்ந்தெடுக்கட்டும். அப்பா கேள்வி கேட்க வேண்டாம், சொல்லித் தர வேண்டாம். மகன் வண்டி ஓட்டினால் அவரும் ஒரு வண்டி ஓட்டட்டும், அவ்வளவுதான். போனை வேறு அறையில் வைத்துவிட்டு வரட்டும்.

பால்வாடிக்குக் கொண்டுவிடுவதை மூன்று கட்டமாகச் செய்யுங்கள். முதல் வாரம் நீங்கள் இருவரும் சேர்ந்து போங்கள், பையை அப்பா தூக்கட்டும். இரண்டாம் வாரம் தெருமுனை வரை நீங்கள், வாசல் வரை அப்பா. மூன்றாம் வாரம் அப்பா மட்டும். விடைபெறும்போது தினமும் ஒரே வாக்கியம்: 'சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அப்பா வருவேன்.' சொல்லிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். அழுகிறானே என்று பத்து நிமிடம் நின்றால் அழுகை கூடும். கண்ணில் படாமல் நழுவுவது அதைவிட மோசம். இவன் பயமே 'சொல்லாமல் போய்விடுவார்' என்பதுதான். சொன்ன நேரத்துக்குச் சரியாக வந்து நிற்பது இந்த மூன்று வாரத்தில் எல்லாவற்றையும்விட முக்கியம். நேரம் தவறாமை பட்டாளத்துக்காரருக்குக் கைவந்த கலை. அதை இங்கே செலவழிக்கச் சொல்லுங்கள்.

டீச்சரிடம் மூன்று உதவி கேளுங்கள். வாசலில் பிள்ளையைக் கையிலிருந்து கைக்கு அவரே வாங்க வேண்டும். முதல் வாரங்களில் அப்பாவுக்கு உள்ளே பத்து நிமிட வேலை ஒன்று தர வேண்டும்: பாய் விரிப்பது, தண்ணீர் டம்ளர் எடுத்துவைப்பது. தன் இடத்தில் அப்பா பயனுள்ளவராக இருப்பதைப் பிள்ளை பார்க்கிறான் அல்லவா, அது மனதில் நிற்கும். மாலையில் அன்று நடந்த ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொல்லியனுப்ப வேண்டும். 'இன்னிக்கு மணல்ல பாலம் கட்டினான்' என்று தெரிந்தால் வீட்டுக்கு நடக்கும்போது பேச விஷயம் இருக்கும்.

எங்கே கெடும் என்றால், இரண்டாம் வாரத்தில். பிள்ளை முன்னைவிட அதிகமாக அழுவான், அப்பா மனம் உடைந்து விட்டுவிடுவார். அந்த அழுகை, அவன் மாற்றத்தைக் கவனித்துவிட்டான் என்பதன் அறிகுறி. நிறுத்தாதீர்கள். இன்னொன்று, கட்டளைக் குரல். மூன்றரை வயதுப் பிள்ளையால் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கட்டளையைத்தான் பிடிக்க முடியும். 'செருப்பைப் போடு' என்று சொன்னபின் மனதுக்குள் பத்து எண்ணும் வரை அவகாசம் தேவை. 'செருப்பைப் போடு, பையை எடு, சீக்கிரம், நேரா நில்லு' என்று நான்கும் சேர்ந்து விழுந்தால் அவன் ஒன்றும் செய்யாமல் நிற்பான். கீழ்ப்படியாமை என்று அப்பா நினைப்பார். பிள்ளையோ மூன்றாவது கட்டளையிலேயே தொலைந்துபோயிருப்பான்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. இத்தனை வருடம் வீட்டைத் தனியாக நடத்தியது நீங்கள். விதிகள் உங்களுடையவை. இப்போது இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் பிள்ளை இருவரையும் கேட்க மாட்டான். தூக்க நேரம், போன் நேரம், அடிக்கக் கூடாது என்பது: இந்த மூன்றில் மட்டும் முதலில் ஒத்துப்போங்கள். எட்டு வாரம் இப்படிச் செய்தும் அசைவே இல்லை, சாப்பாடு குறைகிறது, எடை இறங்குகிறது என்றால் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ரிடையர்மென்ட் ஆகி வந்த என் தம்பி, டி.எஸ்.சி.யில் (ராணுவ நிலையங்களைக் காக்கும் பாதுகாப்புப் படை) மறுபடியும் சேர்ந்து அடுத்த மாதம் கிளம்புகிறான். நாலு வயது மகளிடம் எப்போது, எப்படிச் சொல்வது?
*ஒரு வாசகர், கே.வி.குப்பம்*

ஒரு மாதம் முன்னால் சொன்னால் நாலு வயதுக்கு அது நீளம். தினமும் 'இன்னிக்கா?' என்று கேட்டுத் தவிக்கும். கிளம்பும் அன்று சொன்னால் ஏமாற்றியதாகிவிடும். ஐந்து முதல் ஏழு நாள் முன்னால், பெற்றோர் இருவரும் கூட இருக்கும்போது சொல்லுங்கள். எங்கே போகிறார், என்ன வேலை, யார் இனிப் பால்வாடியில் கொண்டுவிடுவார்கள் என்ற மூன்று தகவல் போதும். 'நீ சமத்தா இருந்தா அப்பா சீக்கிரம் வருவார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். வரத் தாமதமானால் தன் குறும்புதான் காரணம் என்று அவள் நம்பிவிடுவாள். டீச்சரிடம் தேதியைச் சொல்லிவிடுங்கள். அந்த வாரத்தில் புது இடத்தில் உட்காரவைப்பது, புதுக் குழுவில் சேர்ப்பது போன்ற மாற்றங்கள் வேண்டாம். வீடியோ கால் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-இல் தந்த வழிகாட்டுதலில் இரண்டு வயதுக்குள் திரையே வேண்டாம் என்றாலும், உறவினரோடு பேசும் வீடியோ காலுக்கு விலக்கு உண்டு. ஐந்து நிமிடம், ஒரே நேரம். 'எப்படி இருக்கே' என்று கேட்பதற்குப் பதில், அவள் வரைந்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: மகள் பிறந்ததிலிருந்து வடக்கே கன்டோன்மென்ட்டில் வளர்ந்தாள். ஐந்து வயது இரண்டு மாதம். இந்தி சரளம், தமிழ் புரியும், பேச்சு குறைவு. இங்கே ஒரு ஆங்கிலப் பள்ளியில் யு.கே.ஜி. சேர்த்தோம். ஒரு மாதமாக வகுப்பில் வாயே திறக்கவில்லை. 'மந்தமாக இருக்கிறாள், வீட்டில் இங்கிலீஷிலேயே பேசுங்கள்' என்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு வயது விஷயத்திலும் குழப்பம்.
*முன்னாள் ஹவில்தார், காட்பாடி*

வீட்டில் எந்த மொழியிலாவது அவள் நீளமாகப் பேசுகிறாளா, கதை சொல்கிறாளா, கேள்வி கேட்கிறாளா? ஆம் என்றால் அவள் மந்தமில்லை. புது மொழிக்குள் வந்த குழந்தைகளுக்கு 'மௌன காலம்' ஒன்று உண்டு. காதால் சேர்த்துக்கொண்டே இருப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். சிலருக்குச் சில வாரம், சிலருக்கு ஆறு மாதம் வரை. உங்கள் மகளுக்கு ஒரே நேரத்தில் தமிழும் ஆங்கிலமும் புதிது. ஒரு மாத மௌனம் கவலைப்பட வேண்டியதே இல்லை. வீட்டில் கலகலவென்று பேசிக்கொண்டு, பள்ளியில் மட்டும் ஆறு மாதம் தாண்டியும் ஒரு சொல்கூட வரவில்லை என்றால் அப்போது குழந்தை மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்.

வீட்டில் ஆங்கிலம் பேசுங்கள் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. உங்களுக்கு இயல்பாக வரும் மொழியில்தான் குழந்தையிடம் நீளமாக, விதவிதமாகப் பேச முடியும். தமிழிலேயே பேசுங்கள். அவள் இந்தியில் பதில் சொன்னால் தடுக்காமல், அதையே தமிழில் திருப்பிச் சொல்லி உரையாடலைத் தொடருங்கள். அவளுக்கு இருக்கிற ஒரே வலுவான மொழி இந்திதான். அதை வெட்டிவிட்டால் நிற்க இடமில்லாமல் போகும்.

பள்ளிக்கு ஒரு தாள் எழுதிக் கொடுங்கள். அவள் சொல்லும் இந்திச் சொல், அதற்குத் தமிழ், இரண்டும் தமிழ் எழுத்தில், இருபது சொல் போதும். தண்ணீர், கழிவறை, வலிக்கிறது, போதும், இன்னும் வேண்டும், பசி, அம்மா எப்போ வருவாங்க, அவன் அடிச்சான், பயமா இருக்கு. இதில் முதல் ஐந்து அவசரம். 'பானி' என்று அவள் கேட்டால் டீச்சருக்குப் பானைதான் ஞாபகம் வரும். 'சுசு' என்றால் யாருக்கும் புரியாமல் அவள் உடுப்பை நனைத்துவிட்டு நிற்பாள். அன்றிலிருந்து பள்ளிக்கு வர மாட்டேன் என்பாள். இப்படித் தொடங்கிய பள்ளி வெறுப்புகளுக்கு மொழிப் பிரச்சினை என்று யாரும் பெயர் வைப்பதில்லை.

டீச்சர் செய்யக்கூடியது: பேசு, சொல்லு என்று எல்லார் முன்னாலும் நிறுத்தக் கூடாது. கையால் காட்டி, எடுத்துக் கொடுத்துப் பதில் சொல்ல வாய்ப்புத் தரலாம். கூட்டமாகப் பாடும் பாட்டில் அவள் குரல் முதலில் வரும், தனியாகக் கேட்டால் வராது. நன்றாகப் பேசுகிற, அமைதியான ஒரு பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். தமிழ் எழுத்தை அவசரப்படுத்த வேண்டாம். பேச்சில் சொல் சேர்ந்தபின் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினால் கை சுலபமாகப் பழகும்.

வயது: தமிழ்நாட்டுப் பள்ளிகளில் ஜூலை 31-இல் ஐந்து வயது முடிந்திருந்தால் ஒன்றாம் வகுப்பு. கேந்திரிய வித்யாலயாவில் மார்ச் 31-இல் ஆறு முடிந்திருக்க வேண்டும். அங்கே மூன்று வயது முடிந்தவருக்கு பால்வாடிகா (மழலையர் வகுப்பு) 1, நான்குக்கு 2, ஐந்துக்கு 3. முன்னாள் படைவீரர் பிள்ளைகள் கேந்திரிய வித்யாலயாவின் முதல் முன்னுரிமைப் பிரிவில் வருகிறார்கள். நம் பக்கத்தில் அரக்கோணத்தில் பள்ளி உண்டு. ஆனால் பால்வாடிகா எல்லாப் பள்ளியிலும் கிடையாது, அறிவிப்பு வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்கு இந்த ஆண்டு யு.கே.ஜி.யே நல்லது. வயதுச் சான்று இருக்கிறதே என்று ஒன்றாம் வகுப்புக்குத் தள்ளியிருந்தால் மொழியும் பாடமும் ஒன்றாக விழுந்திருக்கும்.

கேள்வி: எல்.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு முன்னாள் படைவீரர் என்ற முறையில் என்ன பணம் கிடைக்கும்?
*பலர்*

நேராகச் சொல்லிவிடுகிறோம்: இந்த வயதுக்கு மிகக் குறைவு. கேந்திரிய சைனிக் போர்டின் (முன்னாள் படைவீரர் நலனுக்கான மத்திய அமைப்பு) கல்வி உதவித்தொகை ஹவில்தார் தரம் வரை உள்ளவர்களின் பிள்ளைகளுக்கு, இரண்டு பிள்ளைக்கு, ஒரு பிள்ளைக்கு 2025 நவம்பரிலிருந்து மாதம் 2,000 ரூபாய். ஆனால் அது ஒன்றாம் வகுப்பிலிருந்து பட்டப்படிப்பு வரை. வகுப்பைத் தேறிய பிறகுதான் விண்ணப்பம். எல்.கே.ஜி.க்கு இதில் ஒன்றுமில்லை.

சர்வீஸில் இருக்கும்போது கிடைக்கும் கல்விப் படி எல்.கே.ஜி., யு.கே.ஜி.க்கும் உண்டு. 2024 ஜனவரியிலிருந்து மாதம் 2,812 ரூபாய் 50 காசு. கல்வி ஆண்டின் நடுவில் ரிடையர் ஆனாலும் அந்த ஆண்டு முடியும் வரை இதைப் பெறலாம். ஊருக்கு வரும் அவசரத்தில் பலர் பள்ளித் தலைமையின் சான்றிதழ் வாங்காமல் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் காகிதத்தில் வருகிறது. பிள்ளை பிறந்ததற்கு யூனிட்டில் பார்ட் டூ ஆர்டர் (குடும்ப விவரத்தை ராணுவப் பதிவில் ஏற்றும் ஆணை) போட்டாகிவிட்டதா, அதில் உள்ள பெயரும் பிறப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள். ராணுவ ஆவணத்தில் அப்பா பெயரே குடும்பப் பெயராக ஒட்டியிருக்கும், இங்கே இனிஷியலாக இருக்கும். 'கவியா', 'காவ்யா' ஆகியிருக்கும். ரிடையர் ஆவதற்கு முன் யூனிட்டிலேயே திருத்துவது சுலபம். பின்னால் என்றால் ரெக்கார்டு ஆபீஸ், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்று மாதக்கணக்கில் இழுக்கும். இ.சி.எச்.எஸ். (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) கார்டும் ஒன்றாம் வகுப்பிலிருந்து வரும் உதவித்தொகையும் இந்தப் பெயரைத்தான் பார்க்கும். ஐந்து வயதானதும் ஆதாரில் கைரேகைப் பதிவையும் செய்துவிடுங்கள்.

அங்கன்வாடி பற்றி ஒரு தயக்கம் பல கடிதங்களில் தெரிகிறது. 'பென்ஷன் வாங்குகிற வீடு, பால்வாடிக்கு அனுப்பலாமா' என்று கேட்கிறார்கள். வருமான வரம்பு எதுவும் இல்லை. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எந்தப் பிள்ளைக்கும் அது உரிமை. எடை பார்க்கிறார்கள், மதியம் சூடான சாப்பாடு, வாரத்தில் முட்டை, தூக்கம், பாட்டு, விளையாட்டு. மூன்று வயதுக்கு இவைதான் வேண்டும். கடன் வாங்கி ஸ்கூல் வேனில் பத்து கிலோமீட்டர் அனுப்புவதைவிட, அப்பா கைப்பிடித்து நடந்து போகிற தூரத்துப் பால்வாடி மேல் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஊர் புதிதான குடும்பத்துக்கு அக்கம்பக்கப் பழக்கமும் அந்த வாசலில்தான் உண்டாகிறது.

கேள்வி: என் மையத்தில் நாலரை வயதுப் பையன். அப்பா பணியில் இறந்து இரண்டு மாதம். ஊரெங்கும் ஃபிளெக்ஸ் பேனர். 'எங்க அப்பா எப்போ வருவார்' என்று என்னிடம் தினமும் கேட்கிறான். மற்ற பிள்ளைகள் 'உங்க அப்பா செத்துட்டார்' என்கிறார்கள். கொடி நாளில் அவனை மேடையில் நிற்கவைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?
*அங்கன்வாடி பணியாளர், அணைக்கட்டு வட்டாரம்*

டீச்சர், உங்கள் கேள்வியிலேயே அந்தப் பையன் மேல் உங்களுக்குள்ள அக்கறை தெரிகிறது. முதலில் அவன் அம்மாவிடம் பேசி, வீட்டில் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். வீட்டிலும் மையத்திலும் ஒரே சொல் இருக்க வேண்டும்.

அந்தச் சொல் 'இறந்துட்டார்' என்பதுதான். 'தூங்குறார்' என்றால் பிள்ளை தூங்கப் பயப்படும். 'சாமிகிட்ட போயிருக்கார்' என்றால் திரும்பி வரும் நாளைக் கேட்கும், சாமி மேல் கோபப்படும். 'டியூட்டிக்குப் போயிருக்கார்' என்பது இந்த வீட்டில் சொல்லவே கூடாதது. இதற்கு முன் ஒவ்வொரு முறையும் டியூட்டிக்குப் போனவர் திரும்பி வந்திருக்கிறார். ஆகவே, 'அப்பா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்றதை நிறுத்திடுச்சு. அவரால இனிமே வர முடியாது. அது உன்னால நடந்தது இல்ல. அம்மா இருக்காங்க, தாத்தா இருக்கார், நான் இருக்கேன்.' மெதுவாக, கண் மட்டத்தில் உட்கார்ந்து, இவ்வளவுதான்.

நாளைக்கு அதையே கேட்பான். ஐந்து வயதுக்குள் சாவு நிரந்தரம் என்பது முழுதாகப் புரியாது. கேட்டுக் கேட்டுத்தான் அதைக் கட்டிக்கொள்வான். ஒவ்வொரு முறையும் அதே சொல்லில் பதில் சொல்லுங்கள். கேட்ட அடுத்த நிமிடமே சிரித்து விளையாடுவான். அவனுக்குத் துக்கம் இல்லை என்று பெரியவர்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். சின்னப் பிள்ளையின் துக்கம் சிறு சிறு துண்டாக வரும். பெட்டி தூக்குவது, கொடி போர்த்துவது போல விளையாடினால் தடுக்காதீர்கள், பக்கத்தில் இருங்கள். விளையாட்டில் அவன் மாட்டிக்கொண்டு மேலும் மேலும் கலங்கினால் மட்டும் கையைப் பிடித்து வேறு வேலைக்கு அழைத்துப் போங்கள்.

மற்ற பிள்ளைகள் பொய் சொல்லவில்லை, திட்ட வேண்டாம். 'ஆமா, அவன் அப்பா இறந்துட்டார். அவனுக்கு வருத்தமா இருக்கும். நாம கூட உட்காரலாம்' என்று அவன் இருக்கும்போதே சொல்லிவிட்டால் கிசுகிசு அடங்கும். அந்த வாரங்களில் நேரக் கிரமம் மாறவே கூடாது. வணக்கம், பாட்டு, சாப்பாடு, தூக்கம், அதே வரிசை. வீட்டில் எல்லாம் குலைந்து கிடக்கும்போது அவன் நாளில் குலையாதது உங்கள் மையம் ஒன்றுதான். தூங்கும் நேரம்தான் கடினமாக இருக்கும். அப்பாவின் கைக்குட்டையோ சட்டையோ ஒன்றை வைத்துக்கொள்ள விடுங்கள்.

'வீரனோட பையன் அழக் கூடாது' என்று யார் சொன்னாலும் நிறுத்துங்கள். நல்ல எண்ணத்தில் ஊரே சொல்லும், இருந்தாலும் நிறுத்துங்கள். அழுகை அவனுக்கு இருக்கும் ஒரே வழி. டிசம்பர் 7 கொடி நாள் மேடை வேண்டாம் என்பது எங்கள் பதில். நாலரை வயதில் மாலை, மைக், கைத்தட்டல் எல்லாம் அப்பா இறந்ததற்குக் கிடைத்த பரிசு மாதிரி மனதில் பதிந்துவிடும். அவன் தாத்தா விரும்பினால் போகட்டும். பேனர்கள் பால்வாடிக்குப் போகும் வழியில் இருந்தால், தினமும் அவன் நின்று பார்க்கிறானா, ஒதுங்கிப் போகிறானா என்று கவனித்துத் தாயிடம் சொல்லுங்கள். ஒதுங்கினால் வழியை மாற்றுங்கள்.

அம்மா சாப்பிடுகிறாரா, தூங்குகிறாரா என்றும் ஒரு கண் வையுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். கட்டணம் இல்லை.

கேள்வி: கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வாணவேடிக்கையின்போது என் கணவர் மேஜைக்கடியில் ஒடுங்கிவிட்டார். மகள் பார்த்துவிட்டாள். இப்போது பலூன் வெடித்தால் அவளும் காதைப் பொத்திக்கொண்டு ஒளிகிறாள். வீட்டில் அவர் சட்டென்று கத்துகிறார். யாரிடம் சொல்வது என்று கூச்சமாக இருக்கிறது.
*வாசகி, குடியாத்தம்*

கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆபத்தான இடத்தில் உயிரைக் காத்த பழக்கத்தை, ஆபத்து போனபின்னும் உடம்பு விடாமல் வைத்திருக்கிறது. கெட்ட கனவு, சத்தத்துக்குத் திடுக்கிடுவது, எரிச்சல், எதிலும் ஒட்டாமல் இருப்பது எல்லாம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது சிகிச்சை தேவைப்படும் நோய். சிகிச்சையால் குறையும். வேலூரில் இ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் சொல்லி மனநல மருத்துவருக்குப் பரிந்துரை வாங்குங்கள். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. போன் வழி என்றால் மேலே சொன்ன 14416.

மகளிடம் ஒரே விளக்கம்: 'அப்பா வேலை செஞ்ச இடத்துல பெரிய சத்தம் கேட்டா ஆபத்து. அதனால அப்பா உடம்பு இன்னும் பயந்துக்குது. இங்க ஆபத்து இல்ல. உன் மேல கோபம் இல்ல.' அவள் பின்பற்றுவது வியாதி இல்லை, அப்பாவைப் பார்த்துப் படிக்கிறாள். டீச்சரிடம் விவரம் முழுவதும் சொல்ல வேண்டியதில்லை. 'திடீர் சத்தத்துக்குப் பயப்படுகிறாள், முன்னாலேயே சொல்லிவிட்டுச் செய்யுங்கள்' என்றால் போதும். விசில், பிறந்தநாள் பலூன், ஆண்டு விழா ஸ்பீக்கர், இவற்றுக்கு முன் 'ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று எண்ணிவிட்டுச் செய்தால் பாதிப் பயம் போய்விடும். எண்ணும் வேலையை அவளிடமே கொடுத்தால் இன்னும் நல்லது. தை, மாசியில் எருது விடும் விழா, சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை, வைகாசி ஒன்றில் சிரசு, ஐப்பசியில் தீபாவளி: நம் பக்கத்துச் சத்தங்களுக்குத் தேதி உண்டு. காலண்டரில் குறித்து, அந்த நாளில் வெளியூர் உறவினர் வீடோ, உள் அறையோ முன்கூட்டியே திட்டமிடுங்கள்.

கடைசியாக, மிக முக்கியமானவை இரண்டு. செக்யூரிட்டி வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வீட்டில் இருந்தால், குண்டை எடுத்துவிட்டு ஒரு பூட்டில் துப்பாக்கி, வேறு பூட்டில் தோட்டா, சாவி இன்னொருவரிடம். பீரோ மேல் வைத்தால் பிள்ளைக்கு எட்டாது என்று நம்பாதீர்கள், நாலு வயது நாற்காலி போட்டு ஏறும். உயிரை மாய்த்துக்கொள்வேன் என்று அவர் சொன்னால் அன்றே துப்பாக்கியை வீட்டைவிட்டு அப்புறப்படுத்தக் காவல் நிலையத்தை அணுகுங்கள். அடிதடி தொடங்கிவிட்டால் பொறுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டாம். பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098.

கேள்வி: மூன்று வயது ஆகிறது, பத்து சொல்தான் பேசுகிறான். ஊர் ஊராக மாறினதால்தான் என்கிறார்கள்.
*வாசகி, வாலாஜாபேட்டை*

ஊர் மாறுவது இவ்வளவு தாமதம் தராது. இரண்டு வயதில் 'பால் வேணும்', 'அப்பா வா' என்று இரண்டு சொல் சேர வேண்டும். முதலில் காது பரிசோதனை. கூப்பிட்டால் திரும்புகிறான் என்பதால் காது நன்றாக இருக்கிறது என்று விட்டுவிடாதீர்கள், பாதி கேட்டாலும் திரும்புவான். உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையிலோ, அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ குழந்தைகள் பிரிவில் வளர்ச்சிப் பரிசோதனை கேளுங்கள். அங்கன்வாடியில் பெயர் இருந்தால் ஆண்டுக்கு இருமுறை வரும் பள்ளி சிறார் நலக் குழுவும் பார்க்கும். ஆனால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி அட்டை, பழைய ராணுவ மருத்துவமனைக் காகிதங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் கொண்டுபோங்கள்.

கேள்வி: நான் முன்னாள் சுபேதார், வயது 61. பேத்தி போகும் பால்வாடிக்கு உதவ ஆசை. பிள்ளைகளுக்கு டிரில் சொல்லித் தரட்டுமா?
*ஒரு தாத்தா, ஊசூர்*

டிரில் வேண்டாம் ஐயா. மூன்று, நான்கு வயதில் வரிசையாக அசையாமல் நிற்க உடம்பு தயாராக இல்லை. ஐந்து நிமிடத்தில் ஒருவன் உட்காருவான், நீங்கள் சத்தம் போடுவீர்கள், அதோடு கெட்டது. உங்கள் கைக்கு வேறு நல்ல வேலை இருக்கிறது.

பணியாளரின் சம்மதத்தோடு ஒரு மணல்குழி போட்டுக் கொடுங்கள். ஆறடிக்கு ஆறடி, ஒரு அடி ஆழம். அடியில் இரண்டு அங்குலம் ஜல்லி, அதன்மேல் பழைய சாக்கு விரித்து, பிறகு சலித்த மணல். ஜல்லி இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி நாறும். சாக்கு இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் ஜல்லியும் மணலும் கலந்துவிடும். எம்-சாண்ட் போடாதீர்கள், கூர்மையாக இருக்கும், பிஞ்சுத் தோலைக் கீறும். விளிம்புக்குச் செங்கல் வைத்தால் முனையை மழுக்கிப் பூசுங்கள். ராத்திரி தார்பாய் மூட வேண்டும். மூடாவிட்டால் நாயும் பூனையும் அதைக் கழிவறையாக்கும், பிள்ளைகளுக்குப் புழுத் தொற்று வரும். வாரம் ஒருமுறை கிளறி வெயில் படவிடுங்கள். இந்த வாராந்தர வேலைதான் எல்லா ஊரிலும் இரண்டாம் மாதம் நின்றுபோகிறது. அதை எடுத்துக்கொள்ள உங்களைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார்.

அதோடு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம் கதை. போர்க்கதையைத் தவிர்த்துவிட்டு, பனி எப்படி இருக்கும், ஒட்டகம் எப்படி உட்காரும், ரயிலில் காட்பாடியிலிருந்து ஜம்மு போக எத்தனை ராத்திரி தூங்க வேண்டும் என்று சொல்லுங்கள். அப்பா தூரத்தில் இருக்கும் பிள்ளை ஒன்று அந்தக் கூட்டத்தில் இருந்தால், 'அங்கேதான் எங்க அப்பா இருக்கார்' என்று எழுந்து நிற்கும்.